பீரோவுக்குள் இருந்த வைஃபை பெட்டி

என் அருமைச் சின்ன மகனுக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் பேரனும் அப்படியே இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணனின் சின்ன மகள் குட்டி நீளம் தாண்டுவதில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்துவிட்டாள், வீட்டிலும் அதே வேலைதான், கட்டிலிலிருந்து கதவு வரைக்கும் ஒரே தாவு. உன் பிள்ளை யாரும் பிடிக்காமல் பதினோரு அடி நடந்தான் என்று மருமகள் சொன்னாளே, அதைத் தெருவில் ஒருத்தர் விடாமல் சொல்லியாயிற்று, நான் சொல்லும்போது அது இருபது அடி ஆகிவிட்டது, நீ காட்டிக்கொடுத்துவிடாதே. அவள் அக்கா, நம் மூத்தவள், கணக்குப் பட்டப்படிப்பில் முதல் வகுப்பில் தேறினாள் என்பது உனக்குத் தெரியும். அதற்கு மேலும் அவளைப் பற்றி ஒரு சேதி இருக்கிறது, ஆனால் அதைச் சொல்ல நீ அனுப்பிய வைஃபை பெட்டியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

போனில் சொல்லலாமே என்பாய். போன் முன் அறையில் இருக்கிறது, நான் வாயைத் திறந்தால் உன் அண்ணன் காதில் விழும். நீங்கள் இரண்டு பேரும் பேசி இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது. அவன் உன்னிடம், உனக்கு வேண்டாத ஓட்டைப் பெட்டிய எங்க தலையில கட்டிட்டியா, பிள்ளை எதிர்காலத்தோட விளையாடுறியா என்று கத்தியதும், பதிலுக்கு நீ, உனக்கு மாட்டத் தெரியலைன்னா பெட்டி என்னடா பண்ணும் என்று அண்ணனை டா போட்டதும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போனை வைத்ததும் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான். அதனால் இந்தக் கடிதத்தைப் பொறுமையாகப் படி, பாதியில் மடித்து வைக்காதே.

நீ பெட்டி அனுப்புவதற்கு முன்னால் இன்டர்நெட்டுக்கு ஒரே ஒயர்தான், இரண்டு கம்ப்யூட்டருக்கும் அதைத்தான் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுவோம். உன் அண்ணி அச்சகத்துக்கு டைப் அடித்ததை முன் அறையிலிருந்து அனுப்பிக்கொண்டு இருப்பாள், உள் அறையிலிருந்து மூத்தவள், அம்மா இன்னும் எவ்வளவு நேரம் என்பாள், அண்ணி, நான் என்ன விளையாடிக்கிட்டா இருக்கேன் என்பாள். உன் பெட்டி வந்ததும் வீடு அமைதியாகிவிடும் என்று நினைத்தேன். வந்த இரண்டாம் நாளே குட்டி பந்தை அதன் மேல் அடித்து அதன் கொம்பை வளைத்துவிட்டாள். நல்ல வேளை உடையவில்லை. நான்தான் சொன்னேன், இவ்வளவு தூரத்திலிருந்து பிள்ளை ஆசையாக அனுப்பியதை வெளியே வைத்து உடைப்பார்களா, என் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டு என்று. உன் அண்ணனுக்கு லேத் பட்டறையில் இரும்பைத் துளைப்பதே பிழைப்பு. அரை மணி நேரத்தில் பீரோவின் பின்பக்கம் ஓட்டை போட்டு, ஒயரையெல்லாம் இழுத்து, பெட்டியை என் துணிமணிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டான். முன் அறைக் கம்ப்யூட்டர் ஒயரில் ஜோராக ஓடியது. உள் அறையில் மட்டும் வருவதும் போவதுமாக ஒரே தொந்தரவு. நீ போனில், பெட்டி எங்கே இருக்கு என்று கேட்டாய், முன் ரூம்ல என்றான். அதில் பொய் இல்லை, பீரோவும் முன் அறையில்தானே இருக்கிறது.

இந்த நேரத்தில்தான் மூத்தவளுக்குக் கம்ப்யூட்டரிலேயே முகம் பார்த்துக் கேள்வி கேட்கும் இன்டர்வியூவுக்குத் தேதி வந்தது, அந்தப் பதற்றத்தில்தான் உன் அண்ணன் உன்னிடம் அப்படிக் கத்தினான். பழைய ஒயர் பீரோவுக்குள் போய்விட்டது, கம்ப்யூட்டரை முன் அறைக்குத் தூக்கி வரலாம் என்றால் எதிரே மரம் அறுக்கும் கடை, ரம்பச் சத்தத்தில் கேள்வி இவளுக்கும் கேட்காது, பதில் அவர்களுக்கும் கேட்காது. ஆனது ஆகட்டும் என்று உள் அறையிலேயே உட்கார்ந்தாள். முதல் கேள்வி முடிவதற்குள் கேட்டவர் திறந்த வாயோடு படம் மாதிரி நின்றுவிட்டார். பிள்ளை, சார் கேக்குதா, சார் கேக்குதா என்கிறாள். எனக்கு நெஞ்சு படபடவென்று அடிக்க, மாத்திரை எடுக்கலாம் என்று பீரோவைத் திறந்தேன். உடனே உள் அறையிலிருந்து, ம், இப்ப நல்லா கேக்குது சார் என்று சத்தம். மாத்திரையை எடுத்துக்கொண்டு சாத்தினேன். சார் கேக்குதா என்று மறுபடி ஆரம்பித்தாள். திறந்தேன், கேட்டது. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் இதைப் புரிந்துகொள்ள ஆறாம் வகுப்பு வேண்டியதில்லை. அந்த பீரோக் கதவு விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும், அதனால் நாற்பது நிமிஷமும் அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன். உன் அண்ணி வந்து, என்ன அத்தை, பீரோவைத் திறந்து போட்டுட்டு யாருக்கு வேடிக்கை காட்டுறீங்க என்றாள். வாயில் விரலை வைத்து, மூச்சு விடாதே என்று சைகை காட்டினேன். சேதி இதுதான், மூத்தவளுக்கு வேலை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் சேருகிறாள்.

சாயங்காலம் உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உடனே எழுந்துவிட்டான். பெட்டியை எடுத்து அலமாரி உச்சியில் வைத்தான், பீரோ ஓட்டையைத் தகடு வைத்து அடைத்தான், சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, பெட்டி நல்ல பெட்டிதான் என்றான். அவன் வாயிலிருந்து இதற்கு மேல் வராது, உனக்குத் தெரியாதா. இரண்டு தடவை போனைக் கையில் எடுத்து, அங்க இப்ப மணி என்ன இருக்கும் என்று என்னைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கீழே வைத்துவிட்டான். அது வெட்கம்தான், வீம்பு இல்லை. உன் மேல் தப்பு இல்லை என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பீரோவில் வைக்கச் சொன்னது நான், திட்டுவதானால் என்னைத் திட்டு, நான் தாங்குவேன். நீங்கள் இரண்டு பேரும் பேசாமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

குளிரில் வெறுங்காலோடு நடக்காதே, மருமகளையும் நேரத்துக்குச் சாப்பிடச் சொல். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், என் பேரன் பெரிய ஆளாக வர வேண்டும். கடைசியாக ஒன்று, மறக்காமல் செய். பேரன் நிற்கிற மாதிரி புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு. கம்ப்யூட்டரில் அனுப்பாதே, அதை மூத்தவள்தான் திறப்பாள். கவர் மேல் என் பேரையும் போடாதே, அண்ணன் பேரைப் போடு. அவன் பேருக்கு வந்ததை அவன்தான் பிரிக்க வேண்டும், பிரித்தால் வந்து சேர்ந்தது என்று உனக்கு அவன்தானே போன் பண்ண வேண்டும். சீக்கிரம் அனுப்பு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா