றோபோ நடந்து வந்த சத்தம்

ஓலைத்தொடுவாய்,
28.02.1995

அன்பு மகன் எமிலுக்கு,

மாதாவின் காவலில் நானும் அப்பாவும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் அந்தப் பெரிய பட்டணத்தில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்லாய் நித்திரை கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். அப்பாவின் காலில் குத்திய மீன்முள்ளுக் காயம் ஆறிவிட்டது, சண்டை கொஞ்சம் ஓய்ந்திருக்கிறபடியால் நேவியும் முந்தியைப்போல் கெடுபிடி செய்வதில்லை, இரண்டு நாளாக நல்ல பாரை மீன் படுகிறது. மற்றக் கதைகளைப் பிறகு ஆறுதலாக எழுதலாம், முதலில் படத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும்.

தை மாதக் கடிதத்தில் நீ என்ன எழுதினாய்? நான் வேலை செய்கிற பாட்டுப் பதிவுக்கூடத்தில் ஒரு றோபோ படத்துக்கு இசை செய்தார்கள், அதில் நானும் வாசித்திருக்கிறேன், பாட்டில் இல்லை, பின்னணியில், எந்த இடம் என்று கண்டுபிடியுங்கோ பார்ப்பம் என்று எழுதினாயல்லவா. அதை நான் கிணற்றடியில் அந்தோனியம்மாவுக்கு மட்டும்தான் சொன்னேன், பின்னேரத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஓலைக் கொட்டிலில் ரீவியும் டெக்கும் வைத்துப் படம் காட்டுகிற சிங்கராசா கொழும்புக்கு ஆள் சொல்லி அனுப்பி அந்தக் கசற்றை எடுப்பித்தான். ஆறு மணிக்கு ஊரடங்கு என்றபடியால் நேற்று முன்தினம் ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கே ஜெனரேற்றரைப் போட்டான். ஐம்பது பேருக்குக் குறையாது. பாதிப் பேர் படத்தைப் பார்க்கவில்லையடா, கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், எமில் எங்கே வாசிக்கிறான், எமில் எங்கே வாசிக்கிறான் என்று. நான் முன்வரிசையில் கதிரை போட்டு இருந்தேன், படத்தை நானே எடுத்தமாதிரி.

என்ன பாட்டுகள் மகனே! றொக்கற் மேலே கிளம்புகிற பாட்டில் போத்தலில் தண்ணீர் நிறைகிறமாதிரி ஒரு சத்தம் கீழே இருந்து மேலே ஏறி ஏறிப் போகுமே, நான் கதிரைக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டேன். றோபோ கண் தெரியாத பெட்டையிடம் பாட்டுப் பழகுகிற இடத்தில் அது மூச்சே விடாமல் தகரம் பாடுகிறமாதிரிப் பாடிக்கொண்டு வந்து, கடைசி அடிக்கு முன்னால் மட்டும் ஒருதரம் மூச்சு இழுக்குதே, கொட்டிலில் விசில் அடித்துக் கூரை பறந்துவிடும் போல் இருந்தது. உயர்தரம் படிக்கிற பெற்றிசியா, பாருங்கோ மாமி, இப்பதான் அது மனிசனாகுது எண்டு மியூசிக்கே சொல்லிப்போட்டுது என்றாள். செவ்வாய்க் கிரகத்தில் கதவு திறக்கிறபோது எல்லா இசையையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டார்களே, சிங்கராசா சத்தம் போய்விட்டதாக்கும் என்று ஓடி வந்து ரீவியின் தலையில் இரண்டு அடி போட்டான். காற்று அவ்வளவாய் இல்லாத இடத்தில் சத்தம் சரியாய்க் கேட்காதாம், பெற்றிசியாதான் அதையும் விளங்கப்படுத்தினாள்.

அதற்குள் ஊர் ஏலத்துக்குப் போனமாதிரி ஆகிவிட்டது. ஒருவர் இந்த மேளம் எமிலின் கை என்கிறார், இன்னொருவர் அந்தச் சலங்கை என்கிறார். றோபோ நடந்து வருகிறபோது டக் என்று ஒன்றும் கொஞ்சம் பிந்தி டொக் என்று ஒன்றும் கேட்கிறதே, அது எமில் இல்லை, கொம்பியூட்டர் என்று எல்லாரும் ஒரேமனதாகத் தீர்த்துவிட்டோம். நான்தான் பெரிதாகச் சொன்னேன், மனிசன் அடிச்சால் இவ்வளவு காய்ஞ்ச சத்தம் வராது என்று.

கடைசியில் அந்தப் பெட்டைக்காக றோபோ நெருப்புக்குள் நடந்து போகிறதே, அங்கே மற்ற எல்லா வாத்தியமும் அடங்கி அந்தக் காலடி மட்டும் கேட்கிறது. டக், டொக். டக், டொக். மூன்றாம் அடிக்கு அந்தோனியம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு மணலில் முழந்தாளிட்டாள். திரும்பிப் பார்த்தால் பின்னால் ஏழெட்டுப் பெண்கள் முழந்தாளில். குனிந்து பார்த்தால் நானும்தான், கதிரையை விட்டு எப்போது இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. பிறகு ஒருத்தரை ஒருத்தர் பார்த்து வயிறு நோகச் சிரித்தோம், பெரிய வெள்ளிக்கிழமைச் சிலுவைக்குப் போடுகிற முழந்தாளை ஒரு தகர மனிசனுக்குப் போட்டுவிட்டோமே என்று.

சிரிக்காதது ஒரே ஒரு ஆள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கிறகரி அண்ணர். அவர் ஆறுதலாக உள்ளே வந்து, ரெண்டாவது சுத்தியல் பிந்தி விழுது, அது நான் பூவரச மரத்திலை செதுக்கிப் போட்டது என்றார். அவ்வளவுதான். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

எமில், உனக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பெரிய வியாழன் தொடக்கம் மணி அடிக்கக்கூடாது என்று மணிக்குப் பதிலாக ஆட்டுகிற, இரண்டு மரச்சுத்தியல் கோத்த நம்மட கோயில் கட்டை அது. தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து ஊரெல்லாம் கோயிலுக்குள் பாய் விரித்துப் படுத்திருந்த கிழமைதான் அது காணாமல் போனது. அதே கிழமைதான் நீ இந்தியாவுக்கு வள்ளம் ஏறினாய். அடுத்த தபசுகாலத்தில் தேடிக் காணாதபோது, மணி அடிக்கிற கிறகரிதான் தேத்தண்ணிக்கு அடுப்பில் வைத்துவிட்டார் என்று ஊர் சொன்னது. அந்த மனிசன் சிலுவையில் பாடுபட்ட ஆண்டவரின் சுரூபத்தில் கை வைத்துச் சத்தியம் பண்ணியும் ஒருவரும் நம்பவில்லை. கோயில் பூட்டின் திறப்பைப் பங்குச் சுவாமியிடம் கொடுத்துவிட்டு, நாலு வருசமாக வெளியில் மணலில் இருந்துதான் பூசை காண்கிறார். அந்தக் கதையை முதலில் சொன்ன வாய் எது தெரியுமா, இந்த வாய்தான். அவரின் அடுப்படியில் பாதி எரிந்த பூவரசங் கொள்ளியைக் கண்டேன் என்று நான்தான் சொன்னேன். உன்னைப் பெற்றவள் சொன்னாள் மகனே. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நேற்று விடிய அப்பாவும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். நான் அழுதுகொண்டு நின்றேன், அவர் என்னைத் தேத்தண்ணி குடிக்கச் சொன்னார். கட்டை எரியேல்லை எண்டு ஊருக்கே கேட்டுதுதானே பிள்ளை, எனக்கு அது காணும் என்றார். ஆனால் சுவாமி திறப்பை நீட்டியபோது வாங்கவில்லை. மரம் சாட்சி சொன்னது சரி, பெடியனும் தன்ரை வாயாலை சொல்லட்டும், பிறகு வாறன் என்றாராம். அவருக்கு எழுபது வயது மகனே, போன மாதமும் நெஞ்சு நோவென்று படுத்தவர். ஆகையால் கடிதம் எழுதிக்கொண்டிராதே, அது வந்து சேர ஒரு மாதம் எடுக்கும். இது கிடைத்த அன்றைக்கே தபால் கந்தோருக்குப் போய்ச் சுவாமியின் பெயருக்குத் தந்தி அடி. கட்டையை எடுத்தது நான், கிறகரி மாமா இல்லை, எமில். இவ்வளவும் போதும். குருத்து ஞாயிறு பூசையில் அதை வாசிப்பதாகச் சுவாமி சொல்லியிருக்கிறார். வாசித்து முடிய நானும் எழும்பி நின்று என் பங்கைச் சொல்லப்போகிறேன். பயத்தில் கையில் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டு ஓடினாயா, அந்தச் சத்தத்தில் ஆசைப்பட்டு எடுத்தாயா, அது உனக்கும் ஆண்டவருக்கும். நான் கோபமாகத்தான் இருக்கிறேன். ஆனாலும் அந்தக் காலடியை நினைக்கிற நேரமெல்லாம், என்ர பிள்ளை, என்ர பிள்ளை என்று உடம்பு சிலிர்க்குது, அதையும் மறைக்க மாட்டேன். நேற்றுப் பின்னேரம் கிறகரி அண்ணர் சிங்கராசாவிடம் அந்த இடத்தை மட்டும் மூன்றுதரம் திருப்பிப் போடச் சொல்லிக் கேட்டார். இப்போது முற்றத்தில் இருந்து புதுக் கட்டை ஒன்று செதுக்குகிறார். இரண்டு சுத்தியலும் ஒன்றாக விழுகிறமாதிரித்தான் முதலில் செய்தாராம், அடித்துப் பார்த்தால் முழந்தாளிட மனம் வரவில்லையாம், ஒன்றைப் பிந்தி விழுகிறமாதிரி இளக்கிக்கொண்டிருக்கிறார்.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் கை தொடுகிற வாத்தியமெல்லாம் நல்லாய்ப் பேசட்டும். நாளை விபூதிப் புதன், இது கிடைக்கிறபோது அது போயிருக்கும், தபசுகாலம் முடியுமுன் அங்கே எந்தக் கோயில் கிட்டவோ அங்கே போய்ப் பூசை காண். கடைசியாக ஒன்று, கிறகரி அண்ணர் கட்டாயம் எழுதச் சொன்னவர், மறந்துவிடாதே. அந்தப் பட்டணத்து வெக்கைக்குப் பூவரசு வெடித்துவிடுமாம், மாதம் ஒருதரம் கட்டைக்குத் தேங்காயெண்ணெய் பூசட்டாம்.

உன் மேல் கோபமும் பெருமையும் சரிபாதியாக இருக்கிற
அம்மா,
ப. மதலேனா