பெயர் மேல் விழுந்த முத்திரை

இலஞ்சி,
வியாழன் இரவு.

அன்புள்ள ஸ்ரீவித்யா மிஸ்ஸுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள், மிஸ். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். எல்லாரும் தூங்கிய பிறகு அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். நாளை டியூஷனுக்குப் போகும் வழியில் என் வகுப்பு ஹம்னா உங்களிடம் கொடுப்பாள். உள்ளே என்ன இருக்கிறதென்று அவளுக்கும் தெரியாது.

உங்களை வேலையிலிருந்து நிறுத்திய பிறகு எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்க யாரும் வரவில்லை. சாரலும் விடவில்லை. உங்களுக்கு இருமல் தேவலையா?

அன்று ஆய்வுக்கு வந்த அதிகாரி, போன வாரம் என்ன படித்தீர்கள் என்று கேட்டபோது நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். எழுந்திருக்காதே என்றுதான் அப்படிப் பார்த்திருக்கிறீர்கள். நானோ, என்னைப் பதில் சொல்லச் சொல்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன். கணவாய் வழியாக மேகம் வந்து மழை பெய்வதை, நீங்கள் உதாரணமாகச் சொன்ன புளியறை ஊரையும் சேர்த்து, ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அவர் அரசுப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, இது இதில் இல்லையே, எந்தப் புத்தகம் என்றார். பள்ளி எங்களுக்குக் கொடுத்திருந்த, அரசு அனுமதி வாங்காத புத்தகங்களைக் காலையிலேயே திரும்ப வாங்கிக் கட்டி, அப்பா ஓட்டுகிற பள்ளி வேனில் குற்றாலத்துக்கு அனுப்பியிருந்தார்கள். தெரிந்திருந்தும், நன்றாகச் சொல்ல வேண்டும் என்ற ஆசையில் மறந்துபோனேன்.

மறுநாள் தாளாளர் எங்களை எழுதித் தரச் சொன்னார். ஸ்ரீவித்யா மிஸ் தாமாகவே அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து நடத்தினார் என்று. என் கையெழுத்து அழகு என்பதால் முதலில் நான் எழுதினேன். மற்றவர்கள் என்னுடையதைப் பார்த்து எழுதினார்கள். ஜூன் மாதம் நான் நோட்டுக் கட்டோடு தாளாளர் அறை வாசலில் நின்றபோது, அனுமதி இல்லாத புத்தகம் வேண்டாம் சார் என்று நீங்கள் அவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. கொடுத்ததை நடத்துங்கள் என்று அவர் சொன்னதும் விழுந்தது. அதை நான் எழுதவில்லை.

இதை அப்பாவிடம் சொன்னேன். ஏட்டி, நீ வாயத் தொறந்தேன்னா நாளைக்கே வேன் சாவிய வாங்கிருவாவ, பொறவு எங்கன போய்ப் படிப்ப என்றார். குற்றாலத்துக்குக் கொண்டுபோன புத்தகங்களை எரித்ததும் அவர்தான். ஈரத்தில் தீ சரியாகப் பிடிக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை.

என் புத்தகம் மட்டும் தப்பியது. ஆய்வு நாளன்று அதை வீட்டில் மறந்துவிட்டுப் போயிருந்தேன். தொலைந்துவிட்டது என்று பள்ளியில் பொய் சொன்னேன். அதன் முதல் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். பள்ளிதான் கொடுத்தது என்பதற்கு அதில் முத்திரையும் தாளாளர் கையெழுத்தும் இருக்கின்றன. திங்கட்கிழமை தென்காசி அலுவலகத்தில் உங்களை விசாரிக்கிறார்களாம்.

அதில் எழுதியிருக்கும் என் பெயரை மட்டும் வெட்டிவிட்டு அனுப்பலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். பெயர் நீளமாக இருப்பதால் முத்திரை அதன் மேலேயே விழுந்திருக்கிறது. பெயரை வெட்டினால் முத்திரையும் போய்விடும். எல்லாரும் குழலி என்று கூப்பிடும்போது, நீங்கள் மட்டும்தான் குழல்வாய்மொழி என்று முழுதாகக் கூப்பிடுவீர்கள். கத்தரிக்கோலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். மிஸ், காட்ட வேண்டாம் என்றது கடிதத்தை மட்டும். பக்கத்தைக் காட்டுங்கள். அப்பாவிடம் நானே