மைமூன் எழுதிய கார்டு

1938 மே 12, வியாழன். பூந்தமல்லி.

கோடை விடுமுறைக்குப் பள்ளிவாசலில் அரபு படிக்கும் பிள்ளைகளோடு நானும் மூன்று வாரமாக உட்கார்கிறேன். நாற்பத்தாறு வயதில் பக்தி வந்துவிட்டதென்று ஊர் மெச்சுகிறது. என் மனைவி மைமூன் அவள் அக்காவுக்குத் தமிழை அரபு எழுத்தில் எழுதுகிறாள். இருபது வருடமாக அதைப் படிக்கத் தெரியாமலே தபாலில் போடுகிறேன். அதுதான் என் பக்தி.

இன்று வகுப்பில் திணறினேன். பக்கத்துச் சிறுமி, "இன்னா மாமு, எந்தம்பியே சொல்லிடுவான், உனக்குத் தெர்லியா?" என்றாள்.

மாலையில் தபால்பெட்டியருகே நின்று மைமூனின் கார்டை எழுத்துக்கூட்டினேன். "நாங்கள் நலம். இவர் மட்டும்" வரை வந்தது. அடுத்தது நான் இன்னும் கற்காத எழுத்து. நாளை வெள்ளி, வகுப்பு கிடையாது. கார்டைச் சட்டைப்பையிலேயே கொண்டுவந்துவிட்டேன்.

"போட்டாச்சா?" என்றாள்.

"போட்டாச்சு" என்றேன்.

இவர் மட்டும் பொய்யே சொல்லமாட்டார் என்று எழுதியிருந்தால் என்ன செய்வேன்?