மேளத்துக்கு விட்ட நிலம்

புதூர்நாடு
14.6.1982

மரியாதைக்குரிய என் வீட்டுக்காரருக்கு, பாஞ்சாலை வணக்கத்துடன் எழுதுவது. நானும் குழந்தைகளும் சுகம். குடகில் மழை பிடித்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். காப்பித் தோட்டத்தில் தலையை நனையவிடாதீர்கள்.

உங்கள் அண்ணன் தவறிய அன்றே ஆலங்காயம் போய்த் தந்தி கொடுத்தார்கள். கிடைத்ததோ இல்லையோ தெரியாமல் மறுபடி எழுதுகிறேன். வைகாசி பத்தாம் தேதி காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றார். ஜீப்பில் ஏற்றினோம். பாதி மலை இறங்குவதற்குள் போய்விட்டார். மறுநாள் சாயங்காலம் வரை உங்களுக்காக வைத்திருந்தோம்.

அவர் போன ஒன்பதாம் நாள் மேளத் திருவிழா வந்தது. துக்க வீடு இருக்கையில் பம்பை மேளம் அடிக்கக் கூடாது, இந்த வருஷம் வேண்டாம் என்று ஊர்ப் பெரியவர் ரங்கசாமி சொல்லிவிட்டார். எல்லார் முகமும் வாடிப்போனது. வீட்டுக்கு வீடு சோறாக்கி விற்கச் சாமை குத்தி வைத்திருந்தோம். பலா பழுத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டு மங்கம்மாள் கடை போட வளையல்கூட வாங்கி வந்துவிட்டாள்.

உங்கள் இருவருக்கும் பொதுவான கோவிலடி நிலத்தை உங்களைக் கேட்காமல் மேளத்துக்கு விட்டார் என்றுதான் மூன்று வருஷத்துக்கு முன் கோபித்துப் போனீர்கள். கேட்காதது அவர் தப்புதான். ஆனால் அந்த மூன்று நாள் மேளம் ஊருக்குச் செய்ததை நீங்கள் பார்க்கவில்லை. முன்பெல்லாம் புளியைத் தலையில் சுமந்து ஆலங்காயம் சந்தைக்கு இறங்குவோம். வியாபாரி சொன்னதுதான் விலை. இப்போது மேளம் கேட்க வருகிறவர்கள் வாசலிலேயே வாங்கிப் போகிறார்கள், விலையை நாங்கள் சொல்கிறோம். கடை போட்டவர்கள் கொடுத்ததில் பள்ளிக்கூடத்துக்குக் கூரை மாற்றியாயிற்று.

எட்டு நாள் மூலையில் கிடந்த உங்கள் அண்ணி செல்லி அக்கா எழுந்து கோவிலடிக்கு வந்தார். "எங்க வூட்டு சாவுக்கு ஊரு அடுப்ப ஏன் அணைக்கிறீங்க? அடிங்க. அவருக்கும் கேக்கட்டும்" என்றார். "இன்னாம்மா இப்டி சொல்ற" என்று ரங்கசாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேளத்துக்குச் சம்மதித்தார்.

அடிவாரத்திலிருந்து ஐந்து மேள செட்டு வந்தது. எல்லாரும் முதலில் நம் வீட்டு முன்னால் பம்பையை அடிக்காமல் நின்றுவிட்டுத்தான் நிலத்துக்குப் போனார்கள். நல்ல கூட்டம். என் சாமைச் சோறு மதியத்துக்குள் தீர்ந்தது. மூன்றாம் நாள் அக்காவும் வந்து உட்கார்ந்து, கையில் எண்ணெய் தடவிப் பலாச்சுளை பிரித்தார். மேளம் வேகம் பிடித்தபோது கை நின்றுபோனது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பிரித்தார்.

அடுத்த வருஷத்துக்கும் நிலம் தருவீர்களா என்று ஊரார் கேட்டார்கள். "பாதி எங்க கொழுந்தன் தீர்த்தகிரியோடது. அவரக் கேக்காம செஞ்சது ஒரு தபா போதும்" என்று அக்கா சொல்லிவிட்டார். இப்போது ஊரே உங்கள் வார்த்தைக்குக் காத்திருக்கிறது.

கொடுங்கள் என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. எதுவானாலும் கடிதத்தில் எழுதாமல் அக்கா முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். ஆனி எட்டாம் தேதி முப்பதாம் நாள் காரியம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

காளியம்மன் உங்களைப் பத்திரமாக மலையேற்றட்டும்.

வழி பார்த்திருக்கும்,
பாஞ்சாலை