ஃபிரிட்ஜ் சாவி

மார்ச் 3
எங்கள் சாண்ட்விச் கடைக்குப் பூட்டு. தினமும் கோழி சாண்ட்விச் வாங்கும் ஏழு மாதக் கர்ப்பிணி டீச்சர் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். ரத்தத்தில் லிஸ்டீரியா என்ற கிருமியாம். ஆய்வாளர் அம்மா வந்து கறி சீவும் மெஷின், ஃபிரிட்ஜ், சாக்கடை என்று ஒன்று விடாமல் பஞ்சால் துடைத்துச் சோதனைக்கு எடுத்துப்போனார். யார் தப்பென்று சொல்ல எனக்கு ஆய்வுக்கூடமே வேண்டாம். மெஷின் யார் பொறுப்பு? என் நாத்தனார். ஒழுங்காகக் கழுவு என்று தலைபாடாக அடித்துக்கொண்டேனே!

மார்ச் 5
டீச்சருக்கு நினைவு தப்பிவிட்டதாம். வயிற்றுப் பிள்ளை? கேட்கப் பயமாக இருக்கிறது.

மார்ச் 10
மெஷினில் லிஸ்டீரியா! ஃபிரிட்ஜ் கதவின் ரப்பரிலும். மெஷினிலிருந்துதான் அங்கே தொற்றியிருக்கும், வேறெப்படி? கடையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்த நாத்தனாரை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். அவள் ஏப்ரனைக் கழற்றி மடித்தாள்.

"சீஸ் கொறையுதுன்னு ஃபிரிட்ஜப் பூட்டி சாவிய வச்சுக்கிட்டது நீங்கதானே அண்ணி? நான் அதத் தொட்டதே இல்லையே."

போய்விட்டாள். போகட்டும். எல்லாம் ஒரே கிருமிதானா என்று மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்ப்பார்களாம். படிக்கட்டும், எனக்கென்ன.

மார்ச் 12
சாப்பிடும்போதுகூட வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தங்கையாயிற்றே.

மார்ச் 19
ஆய்வாளர் அம்மா போன் செய்தார். மெஷினில் இருந்தது வேறு வகையாம். டீச்சரின் ரத்தத்தில் இருந்ததற்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஃபிரிட்ஜ் ரப்பரில் இருந்ததுதான் அச்சு அசல் அதே.

குளிரில் செத்துப்போகாதா என்று கேட்டேன். "இது குளுர்லயும் வளரும்மா. அந்த ரப்பர யாரு கழட்டிக் கழுவுவாங்க?"

கழற்றலாம் என்பதே எனக்குத் தெரியாது. மேலாகப் பளபளவென்று துடைப்பேன் — நான்தான். நான் மட்டும்தான். வேறு யாரைத் தொட விட்டேன்? ஐயோ, அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் என்ன பண்ணுவேன்...

மார்ச் 20
நாத்தனார் தங்கியிருக்கும் அறைக்குப் போனேன். தப்பு என் மேல்தான் என்றேன்.

"டீச்சரப் போய்ப் பாத்தீங்களா?"

இல்லை.

"அங்க போய்ட்டு வாங்க. அப்புறம் எங்கிட்டப் பேசலாம்."

செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பினேன்.

மார்ச் 21
டீச்சர் கண் விழித்துவிட்டாள். அவள் கணவர் வாசலிலேயே மறித்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குறைமாதத்தில் பிறந்த குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சு விடுகிறது என்று நர்ஸ் சொன்னார்.

மே 6
கடை திறந்தாயிற்று. குழந்தை வீட்டுக்குப் போய்விட்டதாம். டீச்சர் வீட்டிலிருந்து யாரும் இந்தத் தெருப் பக்கம் வருவதில்லை.

காலையில் நாத்தனார் வந்தாள். மெஷினை அக்கக்காகப் பிரித்துக் கழுவினாள். பிறகு என் முன்னால் கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன்.

ஃபிரிட்ஜைத் திறந்து ரப்பரை உருவ ஆரம்பித்தாள்.

"அந்த முனையப் பிடிங்க அண்ணி."

பிடித்துக்கொண்டேன்.