ஸ்பொரன் வாங்கப் போன சனிக்கிழமைகள்

இஞ்சாருங்கோ,

நேற்றுப் பின்னேரம் மருமகன் ஸ்டூவர்ட் வந்துபோனார். சிநேகிதன் ஒருவனின் கல்யாணத்துக்குப் போய், மழையில் நனைந்து, நேராக இங்கே வந்து உடுப்பு மாற்றினார். சோறும் சாப்பிட்டுவிட்டு, கில்ட்டை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஸ்பொரன் கதிரையிலேயே கிடக்கிறது. காலையில் குசினிக்குப் போகும்போது அந்த மணம் வந்தது. தோலும் பொலிஷும் மழை ஈரமும் சேர்ந்த மணம். அதோடு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தேத்தண்ணி ஊற்றினேன், குடிக்கவில்லை. யன்னலைத் திறந்தேன், மூடினேன், பிறகு ஏன் மூடினேன் என்று திரும்பவும் திறந்தேன். ஓர் இடத்தில் இருங்கோ என்று உங்களை எத்தனை தரம் ஏசியிருப்பேன்! இன்றைக்கு என்னை ஏச ஆளில்லாமல் நானே வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் தெரியாதவர்கள் அதைப் பார்த்தால் பெண்களின் கைப்பை என்றுதான் நினைப்பார்கள். கில்ட் என்கிற அந்தக் கட்டம்போட்ட பாவாடையில் பொக்கற் இல்லாததால் ஸ்கொட்லாந்துக்காரர் இடுப்பு வாரில் கோத்து முன்பக்கம் தொங்கவிடுகிற தோல்பை. எங்கள் ஒரே மகள் டிலானிக்குக் கல்யாணம் என்று வரும்வரை, இப்படி ஒரு சாமான் உலகத்தில் இருப்பதே நமக்குத் தெரியாது.

அவள் அந்தப் பெடியனின் பெயரைச் சொன்ன நாள் நினைவிருக்கிறதா? மவுண்ட் ஆல்பர்ட் வீட்டில், இந்த மேசையில்தான் இருந்தோம். வெள்ளைக்காரப் பெடியன், குடும்பம் முந்தி ஸ்கொட்லாந்திலிருந்து வந்தது, நல்லவன், சேர்ச்சில்தான் கல்யாணம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். நீங்கள் எழும்பிப் போய்க் குப்பைத் தொட்டியை ரோட்டுக்கு இழுத்து வைத்தீர்கள். அன்றைக்குக் குப்பை எடுக்கிற நாளே இல்லை. திரும்பி வந்து கையைக் கழுவினீர்கள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை.

"அப்பா, நீங்கள்தான் என்னைச் சேர்ச்சுக்குள்ள கூட்டிக்கொண்டு போகோணும்" என்று பிறகு ஒருநாள் கேட்டாள். "பாப்பம்" என்றீர்கள். அந்த ஒற்றைச் சொல்லோடு மாதக்கணக்காக இழுத்தீர்களே! மண்டபம் பிடித்தாயிற்று, கேக்குக்குச் சொல்லியாயிற்று. பெண்ணை யார் கைபிடித்துக் கூட்டிப்போவது என்பது மட்டும் பாப்பத்திலேயே நின்றது. அவள் அறைக்குள் போய் அழுவாள். நான் உங்களோடு சண்டை பிடிப்பேன். நீங்கள் எழும்பி நடப்பீர்கள்.

ஸ்டூவர்ட்டை ஒரு ஞாயிறு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். நீங்கள் தலை நிமிராமல் குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தீர்கள். அவர் பாவம், காரத்தில் கண்கலங்கியபடி, தகப்பனைப் பெற்ற பேரனாரின் கில்ட்டைத்தான் கட்டப்போவதாகச் சொன்னார். கோட்டையும் ஸ்பொரனையும் வாடகைக்கு எடுக்கப்போகிறாராம். பேரனாரின் ஸ்பொரனைப் பூச்சி தின்றுவிட்டதாம். அப்போதுதான் நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள்.

அவர் போனதும் தொடங்கினீர்கள்.

"மாப்பிள்ளைக்கு உடுப்பு எடுக்கிறது பொம்பிளை வீட்டார். வாடகை உடுப்போட வந்து ஒருத்தன் என்ர பிள்ளையின்ர கையைப் பிடிக்கிறதோ?"

"அப்பா, இங்க எல்லாரும் ஹையர் பண்ணுறவை. நீங்கள் ஒண்டும் வாங்க வேண்டாம். ப்ளீஸ்" என்றாள் டிலானி.

"நீ பேசாம இரு. கோட்டை அவர் என்னெண்டாலும் செய்யட்டும். உந்தப் பையை நான் வாங்கிறன்."

எனக்கு வாயெல்லாம் பல். மனிசன் இறங்கி வந்துவிட்டார், இனிச் சேர்ச் வாசலில் கோட்டோடு நிற்பார் என்று அன்றிரவே அக்காவுக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னேன். அவசரப்பட்டுவிட்டேன் என்பது அடுத்த சனிக்கிழமையே தெரிந்தது.

கார் ஓட்டுவது என் வேலை, பக்கத்தில் இருந்து குறை சொல்வது உங்கள் வேலை. யாழ்ப்பாணத்தில் ரோட்டு ஓவசியராக இருந்த மனிதர். குறை கண்டுபிடிப்பதற்கே அரசாங்கம் சம்பளம் தந்தது. இங்கே ஈஸ்ட் டாமாக்கிக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினாலும் அந்தக் கண் மாறவில்லை. முதல் கடை, துறைமுகத்துக்குக் கிட்ட, சுற்றுலாக்காரருக்குச் சாமான் விற்கிற கடை. ஆட்டுத்தோல் விரிப்புகளுக்கும் கிவிப் பொம்மைகளுக்கும் பின்னால் ஸ்பொரன் தொங்கியது. மூடியைத் தூக்கி உள்ளே மூக்கை வைத்தீர்கள். விற்கிற பெட்டை என்னைப் பார்த்தாள், நான் கூரையைப் பார்த்தேன்.

"பசை மணக்குது. தையல் சும்மா படத்துக்கு. உள்ளுக்க மட்டையை வைச்சு ஒட்டியிருக்கிறான்" என்றீர்கள். உண்மைதான். ஓரத்தை நகத்தால் நெம்பியபோது தோல் தாள் மாதிரிக் கிளம்பியது. நல்ல காலம், அந்தப் பெட்டை அதைக் காணவில்லை.

அடுத்தது வாடகை உடுப்புக் கடை. அங்கே பழையதை விற்கவும் செய்வார்கள் என்று டிலானிதான் சொல்லி அனுப்பினாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்று வைத்திருந்தார்கள். வெள்ளைக் குதிரைமயிர், முழங்கால் வரைக்கும் நீளம், நடுவில் கறுப்புக் குஞ்சங்கள். உங்கள் முகம் மலர்ந்துவிட்டது.

"இதுதான். கல்யாணத்துக்கு எடுப்பா இருக்கும்."

அது பைப் ஊதுகிற பான்ட்காரர் ஊர்வலத்தில் கட்டுவது, மாப்பிள்ளைமார் கட்டுவதில்லை என்று கடைக்காரர் தன்மையாகச் சொன்னார். உங்களுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "குதிரைவாலைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வந்து நிண்டா, பொம்பிளையை ஆர் பாக்கிறது?" என்று கேட்டுவிட்டேன். மற்றவற்றையெல்லாம் "ஆர் ஆற்றையோ இடுப்பில கிடந்த சாமான்" என்று தள்ளிவிட்டு வெளியே வந்தீர்கள்.

அதற்குப் பிறகு ஸ்கொட்லாந்திலிருந்தே தபாலில் எடுப்போம் என்று ஒரு கதை. படப்புத்தகம் வந்தது. ஒரு வாரம் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தீர்கள். நீர்நாய்த் தோல், முயல் தோல், பொறித்த தோல், வெள்ளி வேலைப்பாடு என்று எனக்குச் சமைக்க விடாமல் வாசித்துக் காட்டினீர்கள். கடைசியில், "தொட்டுப் பாக்காம வாங்கிற சாமானோ இது?" என்று புத்தகத்தை மூடிவிட்டீர்கள். கல்யாணத்துக்கோ நாள் நெருங்கிவிட்டது. டிலானி கேட்பதையே விட்டுவிட்டாள்.

பாபகூராவில் இருக்கிற ஒரு கடையைப் பற்றி ஸ்டூவர்ட்தான் எங்கோ விசாரித்துச் சொன்னார். குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும் தைக்கிற கடை. கேட்டால் ஸ்பொரனும் செய்து கொடுப்பார்கள். மோட்டர்வேயில் மழைக்குள் ஓட்டிக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததும் இதே மணம். கடைக்காரர் எடுத்து வைத்தது ஒரு கறுப்புத் தோல்பை, அளவானது, மூடியில் மூன்று சிறு குஞ்சங்கள், அவ்வளவுதான். நீங்கள் உள்ளே மணந்து பார்த்தீர்கள். தையலை விரலால் வருடினீர்கள், ஒவ்வொன்றும் கையால் இழுத்த தையல். பின்பக்க வளையங்களை இழுத்தீர்கள், சங்கிலியைக் கையில் எடுத்துப் பாரம் பார்த்தீர்கள், கொளுக்கியைத் திறந்து திறந்து மூடினீர்கள். நான் சந்தோஷத்தில் காசோலைப் புத்தகத்தையே வெளியே எடுத்துவிட்டேன்.

நீங்கள் அதை மெதுவாக மேசையில் வைத்தீர்கள்.

"இன்னொரு கடை பாப்பம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கடையிலிருந்த சவுக்கு ஒன்றையே எடுத்திருப்பேன். வெளியே போய்க் காருக்குள் இருந்தேன். நீங்களும் பின்னால் வந்து இருந்தீர்கள். கண்ணாடியெல்லாம் புகை படிந்துவிட்டது.

"உதில என்ன குறை?"

"குறை ஒண்டும் இல்லை."

"பிறகென்ன விசரே உங்களுக்கு? ஒரு தோல்பைக்காக இந்த ஊர் முழுக்க என்னை ஓட வைக்கிறியள்!"

நீங்கள் கண்ணாடியைக் கையால் துடைத்து, ஸ்டேஷன் பக்கம் போன ரயிலைப் பார்த்தீர்கள்.

"வாங்கிப்போட்டா முடிஞ்சுதல்லோ. பிறகு நான் ஓம் எண்டு சொன்னதாத்தானே கணக்கு."

"சொன்னா என்ன? உந்தப் பெடியனில அப்பிடி என்ன கோபம்?"

"அவனில எனக்கென்ன கோபம்? நல்ல பெடியன். குழம்பைக் கண்ணீரோட திண்டவன். அவள் போனாப் பிறகு வீட்டில நான் ஆரோட கதைக்கிறது?"

"ஏன், நான் ஒருத்தி இருக்கிறனே! என்னோட கதையுங்கோ."

"நீர் கதைக்க விட்டாத்தானே?"

நான் சிரித்தேன், பிறகு அழுதேன். நீங்களும் அழுதீர்கள். கல்யாணம் கட்டி அத்தனை வருஷத்தில் நீங்கள் அழுது நான் பார்த்தது அப்போதுதான். ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்றைக்குக்கூட நீங்கள் அழவில்லை. எனக்கு அந்த நேரம் உங்களில் வந்த அன்பை அப்போதே சொல்லியிருந்தால் வெட்கப்பட்டிருப்பீர்கள். இப்போது சொல்கிறேன்.

கதவைத் திறந்துகொண்டு தனியே கடைக்குள் போனீர்கள். உள்ளே என்ன இங்கிலீஷ் கதைத்தீர்களோ, நெடுநேரம் ஆயிற்று. ஸ்டூவர்ட்டின் இடுப்பளவு உங்களுக்குத் தெரியாது. உங்கள் இடுப்பிலேயே வாரைச் சுற்றிப் பார்த்து, பெடியன் கொஞ்சம் பருமன் என்று கையால் காட்டித் துளை போடுவித்தீர்களாம். கடதாசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, "காரைக் கெதியா எடும், மழை கூடப்போகுது" என்று என்னைத்தான் அவசரப்படுத்தினீர்கள். ஆனால் சேர்ச்சுக்குக் கூட்டிப்போவதைப் பற்றி அன்றைக்கும் வாய் திறக்கவில்லை.

கல்யாணத்தன்று காலை டிலானி வெளிக்கிட்டு வந்தபோது நீங்கள் கோட்டுப் போட்டு வாசலில் நின்றீர்கள். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? நேரம் போகுது" என்றீர்கள். அவள் ஓடிவந்து உங்கள் கையைப் பிடித்த பிடி எனக்குத் தெரியும். சேர்ச்சுக்குள் அவளை நேராக நடத்திக்கொண்டு போனீர்கள். முன்னால் போனதும், கையைப் பிடித்துக் கொடுக்கவேண்டிய இடத்தில், கொடுக்காமல் அப்படியே நின்றீர்கள். போதகர் காத்துக்கொண்டு நிற்கிறார். மாப்பிள்ளை வீட்டார் எட்டிப் பார்க்கிறார்கள். இந்த மனிசன் இங்கேயும் பாப்பம் என்று சொல்லப்போகிறாரே என்று நினைத்தேன்.

நீங்கள் ஸ்டூவர்ட்டையே மேலும் கீழும் பார்த்தீர்கள். ஸ்பொரன் இடுப்பைவிட்டு இறங்கித் தொடையில் தொங்கியது. வார் நீளமாகிவிட்டது. மகளின் கையை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் போய், வாடகைக் கோட்டைத் தூக்கிப் பிடித்து, வாரை இழுத்து இரண்டு துளை இறுக்கினீர்கள். முன்னால் வந்து பையை நடுவுக்கு நகர்த்தினீர்கள். "இப்ப சரி" என்று தமிழில்தான் சொன்னீர்கள். சேர்ச் முழுக்கச் சிரித்தது. ஸ்டூவர்ட்டின் தாயார் மூக்கைச் சிந்துவது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகுதான் பிள்ளையின் கையை எடுத்து அவர் கையில் வைத்தீர்கள்.

பிறகு வந்த வருஷங்கள் நல்ல வருஷங்கள். ஸ்டூவர்ட்டோடு வேலி அடைத்தீர்கள், குழாய் திருத்தினீர்கள், இருவருக்கும் விளங்காத பாஷையில் மணிக்கணக்காகக் கதைத்தீர்கள். என்னோடும் கதைத்தீர்கள், நான் விட்ட நேரத்தில். போன வருஷம் ஒரு ஞாயிறு, சேர்ச்சுக்கு வெளிக்கிட்டு, ஒரு சப்பாத்தைப் போட்டுவிட்டு மற்றதைக் கையில் வைத்தபடி கதிரையில் சாய்ந்தீர்கள். அவ்வளவுதான். ஓர் இடத்தில் இருங்கோ என்று வாழ்நாள் முழுக்க ஏசினவள், அன்றைக்கு உங்களை எழும்பி நடக்கச் சொல்லிக் கத்தினேன்.

கல்லறைக் கல் விஷயத்தைத்தான் உங்களுக்கு எழுத வந்தேன், எங்கெங்கோ சுற்றிவிட்டேன். உங்கள் இடத்தில் இன்னும் கல் வைக்கவில்லை. புல் வளர்ந்து மூடுகிறது. "அம்மா, கல் எப்ப வைக்கிறது?" என்று டிலானி ஒவ்வொரு கிழமையும் கேட்கிறாள். நான் சும்மா இருக்கவில்லை, தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஓர் இடத்தில் எழுத்தை ஆழமாக வெட்டவில்லை, மழைக்கு நிற்காது. இன்னோர் இடத்தில் கல்லுக்கு மினுக்கம் கூட, உங்களுக்குப் பிடிக்காது. நேற்று முன்தினம் போன இடத்தில் சாம்பல் நிறக் கல் ஒன்று காட்டினார்கள். ஓரத்தைத் தடவிப் பார்த்தேன், வெட்டிய எழுத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். என்ன பெயர் வெட்டவேண்டும் என்று அந்த மனிதர் பென்சிலோடு நின்றார்.

அந்தக் கல்லில் ஒரு குறையும் இல்லையப்பா. பிறகு வாறன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.