செவ்வாயில் மாட்டிக்கொண்ட மந்திரவாதி

1953, ஆடி, வெள்ளி இரவு. நான் சொல்ல, மகள் சரோஜா எழுதுகிறாள்.

மில்லில் சாப்பாட்டு நேரத்தில் நான் சொன்ன கதையை, குமாஸ்தா நடராஜன் தன் பெயரில் வாரப் பத்திரிகையில் தொடராக எழுதுகிறான். உடம்பை வீட்டில் கிடத்திவிட்டு, உயிராக மட்டும் செவ்வாய் கிரகத்துக்குப் போகும் மந்திரவாதியின் கதை. "எழுத்து தெரியாத கிழவனுக்குச் செவ்வாய் எங்க தெரியும்?" என்று எங்கள் ஸ்ரீராம்புரம் முழுக்கச் சொல்லிச் சிரித்தவன், இன்று மத்தியானம் என் வீட்டுக்கு வந்தான்.

"பெரியவரே, மந்திரவாதி பூமிக்குத் திரும்பணும். உடம்புல எப்படி நுழையுறான்?"

"எந்த உடம்புலப்பா?"

"அவன் உடம்புலதான்."

"அதை நாலாவது வாரமே எரிச்சிட்டியே. பொஞ்சாதி அழணும்னு நீயா சேர்த்தது. மூணாம் நாள் பாலும் தெளிச்சாச்சு."

நான் சொன்ன கதையில் சாவே கிடையாது. சரோஜா வாராவாரம் படித்துக் காட்டியதில் ஒரு வரியும் எனக்கு மறக்கவில்லை.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "வேற வழியே இல்லியா? நாளைக்கு அச்சுக்குக் கொடுக்கணும்."

"உன் பேர்ல வர்ற கதை. நீயே கூட்டிட்டு வா."

வழி இருக்கிறது. அதைச் சரோஜாவிடம்கூடச் சொல்லமாட்டேன். எழுதிவிடுவாள்.